ஒரு மில்லிக்குள் மூன்று கணக்கு: குழந்தைகளுக்கான சத்துச் சொட்டு மருந்து குறித்து வாசகர் கேள்விகள்

வைட்டமின், இரும்புச்சத்து, புளோரைடு மூன்றும் கலந்து வரும் சொட்டு மருந்தைப் பற்றிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். குழந்தைநல மருத்துவமும் பல் மருத்துவமும் சந்திக்கும் இடம் இது.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு வைட்டமின், இரும்பு, புளோரைடு மூன்றும் சேர்ந்த சொட்டு மருந்தைத் தினமும் 1 மில்லி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "சத்து மருந்துதானே, தாராளமாகக் கொடு" என்கிறார் மாமியார். "பல் கெட்டுவிடும்" என்கிறார் அக்கா. என்ன செய்வது?

பதில்: லேபிளில் "ஒவ்வொரு மில்லியிலும்" என்று தொடங்கும் பகுதியை முதலில் படியுங்கள். இந்த வகை மருந்துகளில் பெரும்பாலும் மில்லிக்கு 10 மி.கி. இரும்பும் 0.25 மி.கி. புளோரைடும் இருக்கும், கூடவே வைட்டமின் ஏ, சி, டி, இ, பி வகைகள். புளோரைடு 0.5 மி.கி. உள்ள வகையும், இரும்பே சேராத வகையும் ஏறக்குறைய அதே பெயரில் விற்கப்படுகின்றன. உங்கள் கையில் இருப்பது எது என்று தெரியாமல் மேற்கொண்டு பேச முடியாது.

இந்த மூன்றையும் ஒரே "சத்து" என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வைட்டமின் தேவையைக் குழந்தை சாப்பிடும் உணவு முடிவு செய்கிறது. இரும்பின் தேவை எடையையும், குறைமாதமா நிறைமாதமா என்பதையும், எந்தப் பால் குடிக்கிறது என்பதையும் பொறுத்தது. புளோரைடு தேவையா என்பதைக் குடிதண்ணீரும் பல் சொத்தை வரும் வாய்ப்பும் சேர்ந்து சொல்லும். மூன்று கணக்கையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, மூன்றும் "தேவை" என்று வந்தால் மட்டுமே மூன்றும் கலந்த புட்டி பொருந்தும்.

உங்கள் குழந்தைக்குப் போட்டுப் பார்ப்போம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் நிறைமாதக் குழந்தைக்கு, பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்பு நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் குறையத் தொடங்கும். இரும்புச்சத்து நிறைந்த இணை உணவு நன்றாகப் பழகும்வரை எடையில் கிலோவுக்குத் தினம் 1 மி.கி. இரும்பு என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. குறைமாதக் குழந்தைக்கு 2 மி.கி. எட்டு கிலோ குழந்தைக்கு 8 மி.கி. என்றால், மில்லிக்கு 10 மி.கி. உள்ள மருந்து சரியான அளவை ஒட்டியே வருகிறது. ஆனால் இரும்பு சேர்த்த பால்பவுடரை வயிறு நிறையக் குடிக்கும் குழந்தைக்கு அதிலேயே போதுமான இரும்பு கிடைத்துவிடும். வைட்டமின் டி தனிச் சொட்டாகவும் கொடுத்து வந்தால் அதையும் கூட்டுங்கள். ஒரு வயதுக்குள் தேவை தினம் 400 யூனிட்; 6 முதல் 12 மாதம் வரை 1500 யூனிட்டைத் தாண்டக் கூடாது.

புளோரைடு கணக்கில் நாங்கள் சற்றுக் கறாராகவே இருக்கிறோம். ஆறு மாதத்துக்குக் கீழ் எந்தக் குழந்தைக்கும் விழுங்கும் புளோரைடு கிடையாது. அதற்கு மேல், அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தின் அட்டவணைப்படி, தண்ணீரில் லிட்டருக்கு 0.3 மி.கி.க்கும் குறைவாகப் புளோரைடு இருந்து, சொத்தை வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்தால் மட்டுமே 6 மாதம் முதல் 3 வயது வரை தினம் 0.25 மி.கி. 2025 அக்டோபர் இறுதியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று வயதுக்குக் கீழே விழுங்கும் புளோரைடே வேண்டாம், பெரிய குழந்தைகளிலும் சொத்தை அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் போதும் என்று அறிவித்தது. தண்ணீரைச் சோதிக்காமல் எழுதப்பட்ட மருந்து என்றால், மருத்துவரிடம் போய், "தண்ணீரில் புளோரைடு எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது, புளோரைடு இல்லாத, இரும்பு மட்டும் சேர்ந்த சொட்டு மருந்தாக மாற்றித் தர முடியுமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: தண்ணீரில் புளோரைடு இருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா? நாங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்.

பதில்: சுவை, நிறம், வாசனை எதிலும் தெரியாது. ஆய்வகச் சோதனைதான் வழி. குழாய்த் தண்ணீர் என்றால் விநியோகிக்கும் அமைப்பிடம் அறிக்கை கேட்கலாம். ஆழ்துளைக் கிணறு என்றால் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே கொடுத்துச் சோதிக்க வேண்டும். பாறையின் தன்மையைப் பொறுத்து அளவு மாறுவதால் பக்கத்து வீட்டுக் கிணற்றின் முடிவு உங்களுக்கு உதவாது.

கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிஞ்சியதில் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். சாதாரணக் கரி வடிகட்டியும் அதைப் பெரிதாக நீக்காது. ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆகவே குழந்தை உண்மையில் குடிக்கும் தண்ணீரை, அதாவது வடிகட்டிய பிறகு பிடித்ததை, சோதனைக்குக் கொடுங்கள். பள்ளியிலோ காப்பகத்திலோ பாதி நாள் கழிகிறது என்றால் அங்குள்ள தண்ணீரும் கணக்கில் வரும்.

முடிவு வந்ததும் பார்க்க வேண்டியவை: லிட்டருக்கு 0.6 மி.கி.க்கு மேல் இருந்தால் எந்த வயதிலும் புளோரைடு மருந்து வேண்டாம். 0.3 முதல் 0.6 வரை என்றால் மூன்று வயது வரை வேண்டாம். அதன்பின் ஆறு வயது வரை அதிகபட்சம் 0.25 மி.கி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு 1.5 மி.கி. அதற்கும் மேல் இருந்தால் மருந்தை மட்டுமல்ல, தண்ணீரையே மாற்ற வேண்டும்.

கேள்வி: புட்டியோடு வந்த டிராப்பர் தொலைந்துவிட்டது. டீஸ்பூனில் ஊற்றியோ சொட்டுகளை எண்ணியோ கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவு மாறும். டீஸ்பூன் என்று நாம் சொல்வதில் சில 3 மில்லி பிடிக்கும், சில 6 மில்லியையும் தாண்டும். "20 சொட்டு ஒரு மில்லி" என்பதும் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. டிராப்பர் முனையின் அகலமும் மருந்தின் கெட்டித்தன்மையும் மாறினால் சொட்டின் பருமனும் மாறும். வேறு மருந்தோடு வந்த டிராப்பரையும் எடுக்காதீர்கள். அதன் கோடுகள் அந்த மருந்துக்காகப் போட்டவை.

மருந்துக் கடையில் 1 மில்லி அளவுள்ள, ஊசி இல்லாத, வாய்வழி சிரிஞ்சு கிடைக்கும். 0.1 மில்லிக்கு ஒரு கோடு இருக்கும். லேபிளில் சொல்லியிருந்தால் புட்டியைக் குலுக்கிவிட்டு, தேவைக்குச் சற்று அதிகமாக இழுத்து, முனையை மேலே பிடித்துக் காற்றுக் குமிழை வெளியேற்றி, கோட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு தவறும். சிரிஞ்சின் முனையில் சிறு மூடி இருந்தால் முதலிலேயே கழற்றித் தூர எறியுங்கள். அது குழந்தையின் தொண்டைக்குள் போய்ச் சிக்கிய சம்பவங்கள் உண்டு.

குழந்தையை மடியில் பாதி உட்கார்ந்த நிலையில் வைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அழும்போதோ மல்லாந்து படுத்திருக்கும்போதோ தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் மூச்சுக் குழாய்க்குள் போகலாம். கொடுத்த பின் சிரிஞ்சைக் கழுவி, உலர்த்தி வையுங்கள். ஈரத்தோடு புட்டிக்குள் விடக் கூடாது.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று: 0.5 மில்லியை 5 மில்லி என்று படிப்பது. பத்து மடங்கு மருந்து உள்ளே போகிறது. மி.கி. என்பதையும் மி.லி. என்பதையும் மாற்றிப் படிப்பது அடுத்தது. மருந்தை வாங்கும்போதே கடையில் சிரிஞ்சைக் காட்டி, "எந்தக் கோடு வரை?" என்று கேட்டு அங்கேயே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி கொடுத்தாலும் அந்தக் கோடு காப்பாற்றும்.

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்கு இரும்புச் சொட்டு மருந்து தொடங்கிய பிறகு பற்களில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. மருந்தை நிறுத்திவிடலாமா? மலமும் கறுப்பாகப் போகிறது.

பதில்: நிறுத்த வேண்டாம். திரவ இரும்பு பல்லின் மேற்பரப்பில் படிந்து உண்டாக்கும் கறை அது. பல் உள்ளே கெடுவதில்லை. தினமும் இருமுறை துலக்கினால் மெல்ல மங்கும். விடாப்பிடியாக நிற்கும் கறையைப் பல் மருத்துவர் ஒரே அமர்வில் மெருகூட்டி எடுத்துவிடுவார். இனி மருந்தை முன்பற்களில் படாமல் கன்னத்தின் பின்பக்கமாக விடுங்கள், உடனே இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள், முடிந்தால் பல்லைத் துடைத்துவிடுங்கள்.

மூன்றும் கலந்த புட்டியில் இங்கே ஒரு முரண் இருக்கிறது. புளோரைடு பல்லைக் காப்பது பெரும்பாலும் பல்லின் மேல் நேரடியாகப் படுவதால்தான். இரும்போ பல்லில் படக் கூடாது. இரும்புக்காகப் பல்லைத் தவிர்த்து ஊற்றினால் புளோரைடின் பயனில் பெரும்பகுதி போய்விடும். புளோரைடுக்காகப் பல்லில் படவிட்டால் கறை பிடிக்கும். புளோரைடைப் பற்பசை வழியாகவும் இரும்பைச் சொட்டு மருந்தாகவும் பிரித்துக் கொடுப்பதே மேல் என்று நாங்கள் கருதுவதற்கு இது முக்கியக் காரணம்.

மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது, உடல் எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதால். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு, அல்லது சிவப்பு ரத்தம் கலந்து போனால் இரும்பின் மேல் பழி போட்டுவிட்டு இருக்காதீர்கள்; அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மருந்தின் வாடை பிடிக்காமல் துப்பிவிடுகிறாள். பால் புட்டியில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: பாலில் மட்டும் வேண்டாம். பாலின் கால்சியம் புளோரைடோடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகிவிடுகிறது. இரும்பு உடலில் சேருவதையும் தடுக்கிறது. கொடுத்ததுபோல இருக்கும், ஆனால் உள்ளே சேராது. மேலும் பாலை முழுதாகக் குடிக்காமல் விட்டால் எவ்வளவு மருந்து போனது என்றே தெரியாது. பாலுக்கும் மருந்துக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இரண்டு வேளைக்கு நடுவில் கொடுத்தால் போதும்.

ஒன்றிரண்டு தேக்கரண்டி தண்ணீரிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ கலந்து, முழுவதையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடலாம். வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவும். தேநீர், காபி இரண்டும் இரும்பைத் தடுக்கும். வெறும் வயிற்றில் குமட்டினால் சிறிது உணவுக்குப் பின் கொடுங்கள். கொஞ்சம் குறைவாக உறிஞ்சப்பட்டாலும் தொடர்ந்து கொடுப்பதுதான் முக்கியம். வயிற்று அமில மருந்து, கால்சியம், தைராய்டு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக்குகள் ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வேறு மருந்து எது ஓடினாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நேற்று ஒரு வேளை மறந்துவிட்டது, இன்று இரண்டு கொடுக்கலாமா? போன வாரம் அவரும் நானும் தெரியாமல் ஆளுக்கொரு முறை கொடுத்துவிட்டோம்.

பதில்: மறந்தது போகட்டும், அடுத்த நாள் வழக்கமான அளவே. துப்பினாலும் வாந்தி எடுத்தாலும் திரும்பக் கொடுக்க வேண்டாம். தெரியாமல் ஒருநாள் 1 மில்லி இருமுறை போனால் பத்துக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 2 மி.கி. இரும்புதான் ஆகிறது, ஆபத்தில்லை, அடுத்த வேளையை நேரத்துக்குக் கொடுங்கள். நாட்காட்டியில் கொடுத்தவர் ஒரு குறி போட்டால் இந்தக் குழப்பம் வராது.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை புட்டியைத் திறந்து குடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? வைட்டமின்தானே, அவ்வளவு ஆபத்தா?

பதில்: ஆபத்துதான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நச்சு மரணங்களுக்கு இரும்பு கலந்த மருந்துகள் முக்கியக் காரணம் என்ற எச்சரிக்கை பல நாடுகளில் லேபிளிலேயே அச்சிடப்படுகிறது.

கணக்கு இப்படிப் போகும். 50 மில்லி புட்டி முழுவதிலும் 500 மி.கி. இரும்பு. பத்துக் கிலோ குழந்தை முழுப் புட்டியையும் குடித்தால் கிலோவுக்கு 50 மி.கி. பொதுவாகக் கிலோவுக்கு 20 மி.கி.யைத் தாண்டும்போது வயிற்று உபாதை தொடங்கும், அங்கிருந்து மேலே போகப் போக மருத்துவக் கண்காணிப்பு கட்டாயம், 60 மி.கி.யைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. புளோரைடு அதே புட்டியில் 12.5 மி.கி.; கிலோவுக்கு 1.25 மி.கி. கடும் நச்சு அபாயம் என்று கருதப்படும் 5 மி.கி.க்குக் கீழேதான், ஆனாலும் வயிற்று வலிக்கும் வாந்திக்கும் போதும். ஆக, இந்தப் புட்டியில் முதலில் பயப்பட வேண்டியது இரும்புக்கு.

செய்ய வேண்டியது: வாயில் மிச்சம் இருந்தால் துடைத்தெடுங்கள். புட்டியில் மிஞ்சியதைப் பார்த்து, அதிகபட்சம் எவ்வளவு போயிருக்கும் என்று கணியுங்கள். தரையில் சிந்தியதையும் குடித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். எடை, நேரம், லேபிள் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பகுதி நச்சுத் தகவல் மையத்தையோ மருத்துவமனையையோ உடனே தொலைபேசியில் அழையுங்கள். வாந்தி, ரத்த வாந்தி, மந்தம், மூச்சுத் திணறல், வலிப்பு எது இருந்தாலும் அழைத்துப் பேசிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கரித்தூளும் உதவாது, மற்ற பல நச்சுகளைப் பற்றும் அது இரும்பைப் பற்றாது. பால் புளோரைடைப் பிணைக்கும் என்பது உண்மை, ஆனால் இரும்பும் கலந்திருக்கும்போது மையத்தில் கேட்டுவிட்டே கொடுங்கள்.

இரும்பு நச்சு ஏமாற்றும். முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் ரத்தம். பிறகு குழந்தை தெளிந்ததுபோல் தெரியும், விளையாடவும் செய்யலாம். அந்த இடைவெளியில்தான் இரும்பு திசுக்களுக்குள் நுழைந்து, ரத்த ஓட்டம் தளர்ந்துபோகும் அதிர்ச்சி நிலைக்கும் கல்லீரல் சேதத்துக்கும் அடிபோடுகிறது. "வாந்தி நின்றுவிட்டது, வீட்டுக்குப் போகலாம்" என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். குடித்து நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இரும்பின் அளவைப் பார்ப்பார்கள்; தேவைப்பட்டால் டெஃபெராக்ஸமின் என்ற முறிமருந்து இருக்கிறது.

கேள்வி: ஏழு வயது மகளின் புதிய முன்பற்களில் வெள்ளைத் திட்டுகள். சிறுவயதில் புளோரைடு கலந்த சொட்டு மருந்து கொடுத்தோம். நான்கு வயதுத் தம்பிக்கும் இப்போது அதே மருந்து எழுதியிருக்கிறார்கள்.

பதில்: எல்லா வெள்ளைத் திட்டும் புளோரைடால் வருவதில்லை. ஈறோரமாக வரும் மங்கிய வெண்மை சொத்தையின் ஆரம்பமாகவும் இருக்கலாம். எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) சரியாகக் கெட்டிப்படாமல் போனதாலும் இருக்கலாம். இரு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரி மெல்லிய வெண்கோடுகள் தெரிந்தால் புளோரோசிஸ், அதாவது பல் உருவாகும்போது புளோரைடு மிகுந்ததால் வரும் கறை, என்ற சந்தேகம் வலுக்கும். பல் மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார். லேசானது தோற்றக் குறையோடு நிற்கும்.

நிரந்தரப் பற்களின் எனாமல், தாடைக்குள் மறைந்திருக்கும் காலத்திலேயே உருவாகிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று வருடங்கள் மிக முக்கியம். எட்டு வயதுவரை கவனம் தேவை. மகள் அந்தக் காலத்தைக் கடந்துவிட்டாள் என்றே சொல்லலாம். தம்பிக்கு முன்பற்களின் ஆபத்துக் காலம் பெரும்பாலும் முடிந்தாலும் பின்பற்கள் இன்னும் உருவாகின்றன. அட்டவணைப்படி அவன் வயதில் தண்ணீரில் 0.3 மி.கி.க்குக் குறைவாக இருந்தால் தினம் 0.5 மி.கி.; அதுவும் சொத்தை வாய்ப்பு அதிகமென்றால் மட்டும்.

பற்பசையையும் கூட்டிப் பாருங்கள். 1000 பி.பி.எம். பற்பசையில் கிராமுக்கு 1 மி.கி. புளோரைடு. மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு போதும். பட்டாணி அளவு சுமார் கால் கிராம். அதை முழுவதும் விழுங்கினாலே 0.25 மி.கி. உள்ளே போகிறது. பிரஷ் நிறையப் பிதுக்கி, துப்பத் தெரியாத குழந்தையிடம் கொடுத்தால், சொட்டு மருந்தே இல்லாமல் ஒரு நாள் அளவு தாண்டிவிடும். பற்பசையை நீங்களே வைத்துக் கொடுத்து, துப்புகிறானா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: பரிசோதனையில் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. வீட்டில் உள்ள மல்டிவைட்டமின் இரும்புச் சொட்டையே கூட்டிக் கொடுத்தால் போதாதா?

பதில்: கூடாது. இரும்புக் குறைவால் வந்த ரத்தசோகைக்குக் கிலோவுக்குத் தினம் 3 மி.கி. தனி இரும்பு என்பது வழக்கமான சிகிச்சை அளவு. பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு 36 மி.கி. அதைக் கூட்டு மருந்தில் எட்ட வேண்டுமென்றால் 3.6 மில்லி ஊற்ற வேண்டும், கூடவே 0.9 மி.கி. புளோரைடும் வைட்டமின் ஏ, டி-யும் மூன்றரை மடங்குக்கு மேல் போகும். கொழுப்பில் கரையும் அந்த இரண்டு வைட்டமின்களும் உடலில் தங்கிச் சேர்பவை. இரும்பு மட்டும் உள்ள மருந்தை எழுதி வாங்குங்கள். லேபிளில் உப்பின் எடை வேறு, அதிலுள்ள தனி இரும்பின் எடை வேறு என்பதைக் கவனியுங்கள்: ஃபெரஸ் சல்பேட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு, ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு போன்ற காரணத்தால் வந்த சோகை என்றால் இரும்பு கொடுப்பது கெடுதலாகக்கூட முடியலாம். அதனால் காரணம் தெரியாமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: மருந்தைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் மாற்றிப் பயணத்துக்கு எடுத்துப் போகலாமா? நிறம் கறுத்துவிட்டால் வீணா?

பதில்: புளோரைடு கலந்த திரவத்தைக் கண்ணாடியில் வைக்கக் கூடாது, புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். அதனால்தான் பிளாஸ்டிக் புட்டியில் வருகிறது. வேறு புட்டிக்கு மாற்றினால் லேபிளும் குழந்தை திறக்க முடியாத மூடியும் போய்விடும் என்பது அதைவிடப் பெரிய நஷ்டம். அந்த மூடி குழந்தையைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுத்து நிறுத்தாது. சரியாக மூடி, பூட்டிய அலமாரியில் உயரத்தில் வையுங்கள். பயணத்தில் கைப்பையின் வெளி அறையில் வைக்காதீர்கள். வெளிச்சமும் வெப்பமும் படாத இடம் போதும், லேபிள் கேட்டாலொழியக் குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. நாளாக நாளாக நிறம் சற்று அடர்வது இந்த வகை மருந்துகளில் இயல்பு. கெட்ட வாடை, கட்டி, அடியில் குலுக்கினாலும் கலையாத படிவு, அல்லது காலாவதித் தேதி தாண்டியது என்றால் பயன்படுத்தாதீர்கள். திறந்த தேதியைப் புட்டியில் எழுதி வையுங்கள்.